நான்காம் நிரல்

திங்கள் ஏழு பேர்.
செவ்வாய் பதினாறு.
புதன் காலை வரவுப் பதிவேட்டில்
சுழியம் போட்டுப் போட்டே
சிவப்புப் பேனை வரண்டது.
தரம் ஐந்து ‘ஆ’வில் மிஞ்சியது பதின்மூன்று பிள்ளைகள்.
பதின்மூன்று பேருக்கும் ஒரே இருமல்.
ஒருவர் தொடங்க மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்
காலைத் தேவாரம் போல.

அதிபர் ஒலிபெருக்கியில் சொன்னார்:
தேவாரம் இனி வகுப்புக்குள்ளேயே.
தண்ணீர்ப் போத்தல் மாற்றக் கூடாது.
இல்ல விளையாட்டுப் போட்டி பின்போடப்பட்டது.
(பந்தலுக்கு வெட்டிய குருத்தோலை
மேடைக்குப் பின்னால் பழுத்துக் கிடந்தது.)
யன்னல்களைத் திறந்து விடச் சொன்னார், திறந்தோம்.
கடற்காற்று உள்ளே வந்து
முதல் வேலையாய்
வலயத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைத்
தூக்கிக்கொண்டு போனது.

நான் அதை வாசித்திருந்தேன்.
காய்ச்சலுள்ள பிள்ளையை உடனே வீட்டுக்கு அனுப்புக
என்று இருந்தது.
வீட்டில் யார் இருப்பார் என்று
இருக்கவில்லை.

கவிஷ்ணவி, திருக்கடலூர்.
நெற்றிக்கு நேரே பிடித்த கருவி
முப்பத்தெட்டு தசம் ஒன்பது என்றது.
அப்பாவின் இலக்கம் கடலுக்குள்.
அம்மாவின் இலக்கம்
ஆடைத் தொழிற்சாலைக் கதவடியில்
ஒரு பெட்டிக்குள், ஐந்து மணி வரைக்கும்.
“ஏன் பிள்ளை இப்பிடியே வந்தாய்?”
“இண்டைக்கு முட்டை, ரீச்சர்.”

தையல் அறையை நோயறை ஆக்கினோம்.
இரண்டு வாங்குகளைச் சேர்த்துப் போட்டு
நனைத்த கைலேஞ்சியை நெற்றியில் வைத்தேன்.
முட்டை வந்தது.
மஞ்சளை மட்டும் தின்றாள்.
வெள்ளை தொண்டையில் வழுக்குதாம்.
அம்மா வந்து சேர ஆறேகால்.
தையல் இயந்திரத்தின் நூல் இன்னும்
அவள் தோளில் ஒட்டிக்கொண்டிருந்தது,
அது எந்தப் பள்ளிக்கூடத்து இயந்திரமும் அல்ல.

வியாழன் பூட்டினார்கள், ஐந்து நாளைக்கு.
பெற்றோர் குழுவில் விடிய விடியச் செய்திகள்:
புலமைப்பரிசில் கிட்டுது, மூடினால் என்ன செய்வது?
மூடாமல் இருந்தால் என்ன செய்வது?
கொத்தமல்லி அவித்த படம் ஒன்று.
யாரோ தவறுதலாய் அனுப்பிய கலியாண அழைப்பு.

பதிவேட்டை எடுக்கப் போனபோது
வளவுக்குள் புள்ளிமான்கள் ஐந்தாறு.
குழாயடியில் ஒன்று
நாங்கள் புதிதாய் வைத்த சவர்க்காரத்தை
நக்கிப் பார்த்துவிட்டுத் தலையை உதறியது.

சுகாதாரப் பரிசோதகர் ஜவாஹிர் படிவம் தந்தார்.
நான்கு நிரல்.
பெயர். வகுப்பு. காய்ச்சல் தொடங்கிய நாள்.
யாரிடமிருந்து தொற்றியிருக்கலாம்.
“குற்றம் பிடிக்க இல்ல மிஸ்,” என்றார்,
“வழி பிடிக்கத்தான்.”

வழி எனக்குத் தெரியும்.
போன வியாழன், முதலாம் பாடவேளை.
தொண்டைக்குள் மீன்முள் போல ஏதோ ஒன்று.
இரண்டு பனடோல்,
மேலே இஞ்சி போட்ட தேத்தண்ணி.
என் லீவெல்லாம்
மகனின் கைமுறிவோடு மாசியிலேயே தீர்ந்துவிட்டது.
பிள்ளைகள் பின்னம் கணக்குச் செய்ய
நான் கொப்பி திருத்தினேன்,
விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு
தாள் புரட்டி,
முப்பத்தாறு கொப்பி.

இரவு, சாப்பாட்டு மேசையில் படிவம்.
ஏனோ முதல் வரியைக் கவிஷ்ணவிக்குக் கொடுத்தேன்.
மற்றப் பெயர்கள் எல்லாம் எழுதி முடித்து
இரண்டாம் தாளுக்குப் போக
விரல் தானாய் நாக்குக்குப் போனது.
பாதியில் நிறுத்தி
அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முதல் தாளுக்குத் திரும்பி
நான்காம் நிரலில், அவளுக்கு நேரே,
என் பெயர்.
முதலெழுத்துகளோடு, சம்பளப் பட்டியலில் உள்ளபடி.
அதற்குக் கீழே இருபத்துமூன்று தரம்
மேற்படி
மேற்படி